மாமி வீட்டு டி டிரைவ்

மாமி வீட்டுக் கொம்பியூட்டர் கிளம்புதில்லை எண்டோண்ண, வழமைபோலப் பூனை வயரை இழுத்துக் கழட்டிப்போட்டுது எண்டு நினைச்சுக்கொண்டுதான் கோண்டாவிலுக்குப் போனன். போய்ப் பாத்தால் வீட்டில இருக்கிற கதிரையள் முழுக்கக் கொம்பியூட்டரைச் சுத்தித்தான் போட்டுக் கிடக்கு. மாமா, மாமி, முன்வீட்டு ஆச்சி, வாட்ஸப் வீடியோவில ரொறன்ரோவில இருந்து பெரியவள். ஸ்கிறீன் கறுப்பு. மேல "எரர்: நோ சச் பாட்டிசன்", கீழ "கிரப் ரெஸ்கியூ", பக்கத்தில ஒரு கோடு நிண்டு மினுங்குது.

ஆச்சி, உது வைரஸ்தான், பெடியன் இரவிரவா உதுக்கு முன்னால குந்திக்கொண்டு இருந்தால் வராமல் என்ன செய்யும் எண்டிட்டா. பெரியவள் "ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தனீங்களோ" எண்டு அங்கயிருந்து கேக்கிறாள். மாமி ஒவ்வொருக்காலும் போனைக் கொண்டுபோய் ஸ்கிறீனுக்கு நேர பிடிச்சு "உதப் பார் பிள்ளை" எண்டு காட்டுறா. சின்னவன் மட்டும் கதவு நிலையோட சாஞ்சுகொண்டு "நான் ஒண்டும் செய்யேல்ல அத்தான்" எண்டான். ஒருத்தரும் அவனைக் கேக்கவேயில்லை.

கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் விசாரிச்சால் கதை வருது. அவர் ஏஎல்லுக்கு ஐசிரி படிக்கிறார், அதுக்காக விண்டோஸுக்குப் பக்கத்தில உபுண்டு எண்ட இன்னொரு ஒப்பரேற்றிங் சிஸ்ரமும் போட்டவர், நானும் பாரன் பெடியன்ர கெட்டித்தனத்தை எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான். இப்ப ஒரு கேம் போடோணுமாம், சி டிரைவில இடம் காணாதாம். படிப்பை எடுத்துப்போட்டுக் கேமுக்கு இடம் விடுறதெண்டு முடிவெடுத்து, டிஸ்க் மனேஜ்மென்ற்றுக்குப் போய் உபுண்டுவின்ர பாட்டிசனை, அதுக்கெண்டு டிஸ்க்கில பிரிச்சு விட்ட துண்டை, டிலீற் பண்ணியிருக்கிறார். ஆனால் சி டிரைவைப் பெருப்பிக்கிறதெண்டால் அதுக்கு வலப்பக்கத்தில ஒட்டினாப்போல வெறும் இடம் இருக்கோணும், தள்ளி எங்கயோ கடைசியில இருந்தால் எக்ஸ்ரெண்ட் எண்ட பட்டன் மங்கிப்போய்த்தான் நிக்கும். இடையில நந்தி மாதிரி நிண்டது டி டிரைவ். அதையும் டிலீற் பண்ணிப்போட்டார். "பேந்து திருப்பிச் செய்யலாம் எண்டு நினைச்சன் அத்தான்" எண்டுறான். அது டிலீற் பண்ணமுந்தி உள்ளுக்க இருக்கிற டேட்டா எல்லாம் போகும் எண்டு கேட்டிருக்கும், இவர் ஜெஸ் குடுத்திருப்பார், அந்த வயசில ஆர் உதெல்லாம் வாசிக்கிறது.

அடுத்தது எக்ஸ்ரெண்ட். அதை அமத்தப் போகேக்க கரண்ட் போட்டுது. யூபிஎஸ்ஸின்ர பற்றறி செத்து எத்தினை காலமோ, கொம்பியூட்டரும் நிண்டிட்டுது. 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டேக்க நான் ஏசாத ஏச்சில்லை, அந்த ஏச்சில கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுறன். அந்த நேரம் கரண்ட் போயிருக்காட்டில் டி டிரைவ் கிடந்த இடத்துக்கு மேல கேம் ஏறிக் குந்தியிருக்கும்.

விறாந்தைக்கு வந்து விளக்கப்படுத்த வெளிக்கிட்டன். உந்த டிஸ்க்கின்ர முதல் செக்டர் 512 பைட்ஸ் மாமா, அதில 64 பைட்ஸ்தான் பாட்டிசன் டேபிள், உபுண்டு போடேக்க கிளப்புற வேலையைக் கிரப் எடுத்திட்டுது, அது மிச்ச ஃபைலுகளைத் தேடி உபுண்டுவின்ர பாட்டிசனுக்குப் போகுது, அங்க பாட்டிசனைக் காணேல்ல, விண்டோஸ் பக்கத்தில சுகமாத்தான் கிடக்கு எண்டு சொன்னால் மாமா என்னை உத்துப் பாத்துக்கொண்டிருக்கிறார். பிறகு, காணி அங்கதான் கிடக்குது மாமா, உறுதிதான் துலைஞ்சிட்டுது எண்டன். அவ்வளவுதான். "அப்ப பக்கத்துக்காரன் வேலியைத் தள்ளமுந்திச் சேர்வேயரைக் கூப்பிடு" எண்டு எழும்பீட்டார். கிழக்குப்பக்க வேலிக் கதை பிறகு ஒரு அரைமணித்தியாலம் ஓடினது, அது உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், கதியாலுக்குக் கதியால் சொல்லுவார். ஆச்சியும் சேந்திட்டா.

மாமிக்கு உறுதியும் விளங்கேல்ல, காணியும் விளங்கேல்ல. அவவுக்கு ஒரே கேள்வி. "கலியாண லிஸ்ற் இருக்கோ இல்லையோ?"

அப்பதான் விளங்கினது ஏன் இவ்வளவு சனம் எண்டு. பெரியவள்ர கலியாணத்துக்கு ஆர் ஆர் என்னென்ன தந்தவை எண்டு மாமா எக்செல்லில போட்டு டி டிரைவில வச்சிருக்கிறார். கச்சேரியில கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்த மனுசன், பேர், ஊர், காசு, பொருள், எல்லாம் கொலம் கொலமா. வாற கிழமை இணுவிலில ஒரு கலியாணம். அவை எங்களுக்கு என்ன செய்தவை எண்டு தெரியாமல் நாங்கள் எவ்வளவு வைக்கிறது? கூட வைச்சால் நட்டம், குறைய வைச்சால் மானம். மாமிக்கு அதுதான் பிரச்சினை.

ஸ்ரான்லி வீதியில ஒரு கடைக்கும் போன் பண்ணினவையாம். "கொண்டாங்கோ, ஃபோமற் அடிச்சுத் தாறம்" எண்டாங்களாம். தலையிடிக்குப் போனாலும் ஃபோமற், தடிமனுக்குப் போனாலும் ஃபோமற். நல்லகாலம் மாமா குடுக்கேல்ல.

உபுண்டு போட்ட பென் டிரைவ் என்ர பையில எப்பவும் கிடக்கும். அதில கிளப்பி, துலைஞ்ச பாட்டிசனைத் தேடித் தாற டெஸ்ட்டிஸ்க் எண்ட புரோகிராமை எடுத்து, அனலைஸ் குடுத்து, குயிக் சேர்ச் விட்டால் டி மட்டும் வருது, உபுண்டுவைக் காணேல்ல. டீப்பர் சேர்ச்சுக்கு விட்டன். 500 ஜிபி பழைய டிஸ்க், அது ஒவ்வொரு சிலிண்டரா உருட்டி உருட்டிப் போகுது. இதுக்குள்ள பிளேன்ரீ வந்தது, புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வந்தது, ஆச்சி போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேந்துபோட்டு வந்தா. நூறு வீதம் வந்தோண்ண ரெண்டும் பச்சையா நிக்குது. பீ எண்ட எழுத்தை அமத்தினால் உள்ளுக்க இருக்கிற ஃபைலெல்லாம் வரிசையாத் தெரியும். தெரிஞ்சுது. முதல் வேலையா லிஸ்ற்றைப் பென் டிரைவுக்கு கொப்பி பண்ணீட்டு, பிறகுதான் றைற் குடுத்தன். றீஸ்ராட். கிரப் மெனு வந்துது, மேல உபுண்டு, கீழ விண்டோஸ், ஒண்டும் நடக்காத மாதிரி.

மாமி போனைத் தூக்கி, "பிள்ளை, நீ சொன்னபடி ஓஃப் பண்ணி ஓன் பண்ண வந்திட்டுது" எண்டா. பெரியவளும் "நான் அப்பவே சொன்னனான்" எண்டுறாள். ஆச்சி தன்ர தேங்காய்க் கணக்கைச் சொன்னா. நான் கையைக் கழுவினன்.

சரி, ஃபைல் பழுதில்லாமல் திறக்குதோ எண்டு பாப்பம் எண்டு லிஸ்ற்றைத் திறந்தன். சத்தியமா அதுக்காண்டித்தான் திறந்தனான். கடைசியில "குறிப்பு" எண்டு ஒரு கொலம். மாமா இவ்வளவு எழுதுவார் எண்டு எனக்குத் தெரியாது. "காசு குறைவு, ஆனால் முதல் நாளே வந்து மரக்கறி வெட்டினவை." "என்வலப்பில பேர் இல்லை, எழுத்தைப் பாத்தால் மானிப்பாய் ஆக்கள்." "வராதவை. காசும் வரேல்ல." அப்பிடியே இறங்கிப் போனால் என்ர பேர். மோதிரம் போட்டது இருக்கு, அது சரி. அதுக்குக் கீழ பொருள்: சுவர் மணிக்கூடு. குறிப்பு: "எங்களால் இவர்களின் குடிபூரலுக்குக் கொடுக்கப்பட்டது. பெட்டி திறக்கப்படவில்லை."

கச்சேரித் தமிழ். அசல் கடிதத் தமிழ்.

வீட்டை வந்து மனுசியிட்டக் கேட்டன், அந்த மணிக்கூட்டை எங்கயப்பா வாங்கினனீர் எண்டு. "எந்த மணிக்கூடு?" எண்டா. சொன்னன். அடுப்படியில கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பிறகு எட்டிப் பாத்துக் கேக்கிறா, "இஞ்சருங்கோ, அந்த டி டிரைவைத் திருப்பி அழிக்க ஏலாதோ?"