வசூல் எப்படி என்று கேட்டார்

"வசூல் எப்படிப்பா?" என்றுதான் எங்கள் பஸ் கிளை மேலாளர் கேட்டார். "கம்மிதாங்க சார்" என்றேன், கண்டக்டரான நான். பேச்சு அவ்வளவுதான். தருமபுரி ரயில் நிலையத்தில் புறப்பட்டு நான்கு ரோடு, பாரதிபுரம், கலெக்டர் ஆபீஸ் வழியாக அதியமான்கோட்டை போய்த் திரும்பிய அந்த டவுன் பஸ் அடுத்த மாதமே நின்றது. 2022-ல் விட்ட வண்டி. ஒரு வருஷம்கூட முழுதாக ஓடவில்லை.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பெங்களூரு பக்கமிருந்து வரும் ரயில் கொஞ்சம் தாமதமானாலும் நாங்கள் காத்திருக்க முடியாது, அடுத்த சிங்கிள், அதாவது அடுத்த ஒருவழி நடை, கெட்டுவிடும். ரயிலிலிருந்து இறங்கியவர்கள் வெளியே வரும்போது ஷேர் ஆட்டோதான் நிற்கும். நான்கு ரோட்டைத் தாண்டினால் சேலம் ரோடு. தொப்பூர், சேலம் வண்டிகளெல்லாம் அதே ரோட்டில்தான் போகின்றன. காசு கொடுத்துப் போகிற ஆம்பளைகள் முதலில் வருகிற வண்டியில் ஏறிவிடுவார்கள். டவுன் பஸ்தான் வேண்டும் என்று நின்றது பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. சேலம் வண்டியில் அந்தச் சலுகை கிடையாது.

காலை சிங்கிளில் படிவரை கூட்டம் இருக்கும். ஜவுளிக்கடைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆபீஸ் கூட்டுகிறவர்கள். அத்தனை பேருக்கும் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டுப் பையைப் பார்த்தால் சில்லறைதான் கிடக்கும். அந்தச் சீட்டுகளுக்கு அரசு ஈடு தருகிறது. ஆனால் அது மேலே மொத்தமாக நடக்கிற கணக்கு. என் தோல்பையில் விழுவதில்லை, கிளையில் அன்றாடம் பார்க்கிற வசூலிலும் தெரிவதில்லை.

கேட்டது வசூலை. அதற்குப் பதில் சொன்னேன். எத்தனை பேர் ஏறினார்கள் என்பது நான் சீட்டுக் கணக்கு எழுதும் வே பில்லிலேயே இருந்தது, வே பில் அவர் மேஜைக்குப் போகிறது. கண்டக்டர் தனியாக எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? இப்படித்தான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும், மதிய சிங்கிள்களில் காலி இருக்கைகளோடு வெயிலில் போய் வந்த சலிப்பு அந்தக் "கம்மிதாங்க"வில் இருந்திருக்குமோ என்று தோன்றாமல் இல்லை. காலைக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்லியிருந்தால் அதே வார்த்தை வேறு மாதிரி வந்திருக்கும்.

மேலாளரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. வண்டி ஷெட்டில் சும்மா நிற்கவில்லை, பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத் தடத்துக்குப் போனது. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் இல்லாமல் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீசலும் ஆளும் அளவாகத்தான் தருகிறார்கள். ஒரு தடத்தில் கொடுக்க இன்னொன்றில் எடுத்தாக வேண்டும்.

எனக்கு ஆறாமல் இருப்பது கடைசி வாரத்தில் கேட்ட கேள்விதான். கலெக்டர் ஆபீஸில் கூட்டுகிற வேலை பார்க்கும் ஒரு பெண்மணி சீட்டை வாங்கிக்கொண்டே, "அண்ணா, நாங்க ஏறுறது கணக்குலயே வராதுங்களா?" என்றார். "வருதுங்கம்மா, அதுக்குத்தான் சீட்டு தர்றது" என்றேன். "வந்தா அப்புறம் ஏன் நிறுத்துறாங்க?"

மேலாளரிடம் சொன்னதும் உண்மை, அந்த அம்மாவிடம் சொன்னதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்தால் பொருந்தவில்லை. பாரதிபுரம் ஸ்டாப் வந்தது, விசில் கொடுக்கப் போய்விட்டேன்.

இப்போது எந்தத் தடத்தைப் பற்றிக் கேட்டாலும் முதலில் ஆள் எண்ணிக்கையைச் சொல்கிறேன், வசூல் அதற்குப் பிறகுதான். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. போன வருஷம் இன்னொரு தடத்துக்கும் அப்படியே சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். அந்தத் தடமும் நின்றுவிட்டது.