ரிவியேர் தே ரோஷ் ஆற்றின் பழுப்புப் பாசி

காரைக்காலில் வளர்ந்தவனுக்குப் பாசி என்றால் பச்சை. கோயில் குளத்துப் படியில் கால் வைத்தவுடன் வழுக்கிவிடும் அந்தப் பச்சையை நினைத்துக்கொண்டே இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்தேன். தீமிதிக்கு முன் கரகம் கட்டுவதற்காக ஆற்றங்கரைக்குப் போகும் வழக்கம் இங்குள்ள மல்பார் (தமிழ் வம்சாவளி) குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. முதல் ஆண்டு அப்படிப் போன இடத்தில், சுத்தமாகத் தெரிந்த ஒரு கல்லின் மேல் நம்பிக் காலை வைத்து, எல்லோர் முன்னிலையிலும் இடுப்பளவு நீரில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தபோது விரலில் ஒட்டியது பச்சையல்ல, தேன் நிறத்தில் ஒரு மெல்லிய பழுப்புக் குழம்பு. அதன் பிறகுதான் இந்தத் தீவின் ஆற்றுப் பாசிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பழைய நுண்ணோக்கி ஒன்றையும் வாங்கினேன்.

அந்தப் பழுப்பு பெரும்பாலும் டயாட்டம் என்னும் ஓரணுப் பாசிகளால் ஆனது. பச்சையம் அவற்றிடமும் உண்டு. ஆனால் பழுப்பு நிறமி ஒன்று அதை மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு டயாட்டமும் சிலிக்காவால், அதாவது கண்ணாடியின் மூலப்பொருளால், தனக்கென ஒரு பெட்டி செய்துகொண்டு அதற்குள் வாழ்கிறது. திருநீற்றுச் சம்புடத்தைப் போல ஒரு பாதி மற்றொன்றின் மேல் மூடியாகப் பொருந்தியிருக்கும். எரிமலைப் பாறை மழையில் கரையும்போது சிலிக்கா ஆற்று நீரில் சேர்கிறது என்பதால், இத்தகைய தீவுகளில் அவற்றுக்குக் கட்டுமானப் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஒரு சொட்டை 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், படகு வடிவில் இருப்பவை யாரும் துடுப்புப் போடாமலே மெல்ல நகர்வது தெரியும். ஓட்டின் நடுவிலுள்ள நீண்ட பிளவின் வழியாகப் பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதன் உதவியால் அவை வழுக்கிச் செல்கின்றன. என்னைத் தண்ணீரில் உட்கார வைத்ததும் அதே வகைப் பசைதான்.

இவை இங்கு எப்படி வந்தன என்பதுதான் என்னை நெடுநாள் பிடித்துவைத்திருந்த கேள்வி. இந்தத் தீவு எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. கடலடியிலிருந்து எழுந்து நீருக்கு மேல் தலைகாட்டிச் சில மில்லியன் ஆண்டுகள்தான் ஆகின்றன. மடகாஸ்கர் ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, இடையில் இருப்பது உப்பு நீர். நன்னீரில் மட்டுமே வாழக்கூடிய ஓர் உயிர் அதை நீந்திக் கடக்க முடியாது.

விடையின் ஒரு பகுதி டார்வினின் தூசியில் இருக்கிறது. 1832 ஜனவரியில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டே தீவுகளை நெருங்கும்போது, கப்பலின் மேல் படிந்த நுண்ணிய பழுப்புத் தூசியை அவர் சேகரித்தார். ஐந்து சிறு பொட்டலங்களில் தூசியைப் பெற்றுக்கொண்ட ஜெர்மானிய அறிஞர் எரன்பெர்க், அவற்றில் 67 வகையான உயிர் வடிவங்களைக் கண்டறிந்தார். சிலிக்கா ஓடு கொண்ட நுண்ணுயிர்கள் அதில் நிறைய இருந்தன. அவருடைய கணக்கில் இரண்டைத் தவிர அந்த நுண்ணுயிர்கள் அனைத்தும் நன்னீரைச் சேர்ந்தவை. நடுக்கடலில், காற்றில், குளத்து உயிர்கள்! அதே பயணத்தின் கடைசிக் கட்டத்தில், 1836 ஏப்ரல் இறுதியில், டார்வின் பக்கத்துத் தீவான மொரிஷியசிலும் இறங்கிச் சில நாட்கள் தங்கினார் என்பது இங்குள்ள பலருக்கு நினைவில்லை.

காற்று ஒரு வழி என்றால், வலசை வரும் உள்ளான்களின் கால் சேறும் குடலும் இன்னொரு வழி. ஆனால் ஏறியவை எல்லாம் உயிரோடு இறங்குவதில்லை. காய்ந்தால் பெரும்பாலான ஆற்று டயாட்டம்கள் இறந்துவிடும்; ஈரமண்ணிலும் பாசிபிடித்த சுவரிலும் வாழ்ந்து, வெயிலுக்குப் பழகியவைதான் பயணத்தைத் தாங்கும். எங்கள் வீட்டு வாசலில் சரளைக் கற்களுக்கிடையே கறுத்துச் சுருண்ட காகிதத் துண்டுகளைப் போல் ஒன்று கிடக்கும். நோஸ்டாக் என்னும் நீலப்பச்சை நுண்ணுயிரின் கூட்டம் அது. தட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் சற்று நேரத்தில் ஊறி, பச்சைக் கூழாக உப்பிவிடும். கடல் கடக்க இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறென்ன இருக்க முடியும்?

1934இல் டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங், நுண்ணுயிர்களைப் பொறுத்தவரை எல்லாம் எங்கும் உண்டு, சூழல்தான் தேர்ந்தெடுக்கிறது என்று எழுதினார். தொலைதூரத் தீவுகளின் பாசிகளையும் பலர் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்த்து வந்தார்கள். ஐரோப்பியக் கையேட்டைத் திறந்து, ஏறத்தாழ ஒத்த படத்தைக் கண்டு, அதே பெயரைச் சூட்டிவிடுவார்கள். பெயர் ஒன்றானதால் உயிரும் ஒன்று என்று ஆகிவிட்டது. பின்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஓட்டின் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது பல பெயர்கள் பிரிந்தன. குரோசே, கெர்கலன், ஆம்ஸ்டர்டாம் ஆகிய தென்கடல் தீவுகளின் டயாட்டம்களை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் பார்ட் வான் டெ வைவரும் அவருடைய கூட்டாளிகளும், வேறெங்கும் காணப்படாத சிற்றினங்கள் பலவற்றை விவரித்திருக்கிறார்கள். அத்தீவுகளுக்குப் போகும் மரியோன் துஃப்ரேன் கப்பல் எங்கள் துறைமுகத்திலிருந்துதான் புறப்படுகிறது. அவற்றை நிர்வகிக்கும் தலைமையகமும் இங்கே சேன்-பியேரில் இருக்கிறது. பாஸ் பெக்கிங் முழுவதும் தவறு என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அவருடைய வாக்கியத்தின் முதற்பாதி சற்று அவசரமானது.

இரண்டாம் பாதிக்கு மறுபேச்சில்லை. இங்கே தேர்வு நடத்துவது வெள்ளம். இத்தீவில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் 13தான். மற்றவை மழை பெய்தால் மட்டும் உயிர்பெறும் ஓடைகள். மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த பித்தோன் தே நேழ் மலைப்பகுதியிலிருந்து நீர் சில பத்துக் கிலோமீட்டருக்குள் கடலில் விழுந்துவிடுகிறது. 1966 ஜனவரியில் இத்தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் ஒரே நாளில் பெய்த 1,825 மில்லிமீட்டர் மழை இன்றும் உலகச் சாதனை. இப்படிப்பட்ட ஆற்றில் நீரோடு மிதந்து வாழும் பாசிக்கு இடமில்லை, காலையில் பிறந்தது மாலையில் கடலில் கிடக்கும். கல்லைப் பற்றிக்கொள்ளத் தெரிந்ததுதான் இங்கு பிழைக்கும்.

2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் கடந்த பிறகு ஆற்றுக்குப் போனேன். கற்கள் ஒன்றோடொன்று உருண்டு உரசி, சட்டி கழுவியதுபோல் வெளுத்திருந்தன. விரலில் எதுவும் ஒட்டவில்லை. முதலில் திரும்பி வந்தவை, கல்லோடு கல்லாகப் படுத்து ஒட்டிக்கொள்ளும் சிறிய டயாட்டம்கள். பாறை இடுக்குகளிலும் பாசிமெத்தைகளிலும் தப்பியவற்றின் பிள்ளைகளாக அவை இருக்க வேண்டும். பின்னர் காம்பு நீட்டி நிற்கும் வகைகள் அவற்றின் மேல் எழுந்தன, இழைப்பாசி கடைசியில் வந்தது. தொட்டால் விலகி விட்டால் பரவும் பாசியைத் தமிழ் நெடுங்காலமாக அறியும். ஆனால் அது பரவுவதற்கும் ஒரு வரிசை உண்டு என்பதை நான் அந்த வாரங்களில்தான் கண்டேன்.

நீண்ட காலம் வெள்ளமே வராமல், கரும்புத் தோட்டத்து உரமும் வீட்டுக் கழிவுநீரும் சேர்ந்து, பாசனத்துக்காக நீரும் குறைக்கப்பட்டால், கடைசி வரிசைக்காரர்களே ஆற்றை ஆளத் தொடங்குவார்கள். இதனால்தான் நீரின் தரத்தை அறிய இங்கே டயாட்டம்களை எண்ணுகிறார்கள்: கற்களைத் தேய்த்து, அமிலத்திலோ ஹைட்ரஜன் பெராக்சைடிலோ காய்ச்சி, மிஞ்சும் ஓடுகளில் 400ஐ இனம் பிரிப்பார்கள். பிரான்சு பெருநிலத்துக்கு வகுத்த அளவுகோல் இந்தத் தீவின் ஆறுகளுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பதால், ரெயூனியனுக்கென்றே தனிக் குறியீடு ஒன்று உருவாக்கப்பட்டது.

இந்தப் பாசியை யார் தின்கிறார்கள் என்பது இங்கே வேடிக்கையான கதை. நன்னீரிலேயே பிறந்து அங்கேயே மடியும் மீனினங்கள் இயல்பாக இத்தீவில் இல்லை. மேய வருபவை எல்லாம் கடல் வழியாக வருகின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவரை நாங்கள் தொன்தொன் என்று அழைப்போம். அவர் பிரா-பனோனில் ஆற்று முகத்துவாரத்தில் வூவ் என்னும் கூம்புக் கூடையை வைத்து, பிஷிக் என்னும் மீன்குஞ்சுகளைப் பிடித்து வளர்ந்தவர். ரூகாய் என்னும் காரத் துவையலோடு பரிமாறும் பிஷிக் கறிக்காக இந்தத் தீவு உயிரையே கொடுக்கும். அந்த நூல்போன்ற குஞ்சுகள் பெரும்பாலும் வாய் உருண்ட ஆற்றுக் கோபி மீனுடையவை. ஆற்றில் பொரித்து, கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, மாதக்கணக்கில் அங்கே வாழ்ந்து மீண்டும் ஆற்றில் நுழையும். நுழைந்த சில நாட்களில் முன்னோக்கி இருந்த வாய் கீழ்நோக்கி இறங்கிவிடும்: கல்லைச் சுரண்டவும், அருவியைக் கவ்வி ஏறவும் அந்த வாய்தான்.

“கல் வெளுத்த இடத்தில் மீன் இருக்கும், வாத்தியாரே,” என்று தொன்தொன் கிரியோலில் சொல்வார். குனிந்து பார்த்தால், பழுப்புப் படலத்தில் நகத்தால் வழித்ததுபோல் சிறு சிறு தடங்கள் வரிசையாகத் தெரியும்.

சென்ற மாதம் பக்கக் கால்வாய் வற்றியதில் செத்துக் கிடந்த ஒரு மீனை அவர் வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தார். குடலின் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தேன். அருவிக்குக் கீழேயுள்ள கல்லில் நான் பார்த்த அதே படகுகள், அதே சம்புடங்கள்; கண்ணாடிச் சுவர்கள் பெரும்பாலும் உடையாமல் அப்படியே, உள்ளே மட்டும் காலியாக இருந்தன.