கார்லிக் மஸ்டர்ட்: கிள்ளாமல் பிடுங்குங்கள், பிறகு வறை வையுங்கள்

பனி கரைந்ததும் ரொறன்ரோப் பின்வளவுகளில் மேப்பிள் மர நிழலில் முதலில் பச்சையாகத் தெரிவது பல இடங்களில் கார்லிக் மஸ்டர்ட்தான். ஐரோப்பியக் குடியேறிகள் கறிக்கும் மருந்துக்குமாகக் கொண்டுவந்த செடி இது. கனடாவில் இதன் முதல் பதிவே 1879இல் ரொறன்ரோவில்தான். இது வேரில் விடும் பொருட்கள் மண்ணிலுள்ள பூஞ்சைகளைக் கெடுப்பதால், அவற்றை நம்பி வளரும் காட்டுச் செடிகளும் மரக்கன்றுகளும் நலிகின்றன. இதை அழிக்க ஏற்ற காலம் ஏப்ரலும் மே தொடக்கமும். தின்னவும் அதுவே நல்ல காலம்.

முதலாண்டுச் செடி தரையோடு படர்ந்திருக்கும்; இலை கிட்டத்தட்ட வல்லாரை மாதிரி. இரண்டாம் ஆண்டில் தண்டு எழும்பி ஒரு மீற்றர் வரை போகும், இலை முக்கோணமாகும், நாலிதழ் வெள்ளைப் பூ வரும். கசக்கினால் உள்ளி மணக்கவேண்டும். வயலட், கிரீப்பிங் சார்லி என்ற செடிகள் இளசில் இதுபோலத் தெரிந்தாலும் அந்த மணம் இல்லை. கை ஏற்கெனவே மணந்தால் மூக்கை நம்பாதீர்கள், வேரைப் பாருங்கள்: மேற்பகுதியில் வளைந்த வெள்ளை ஆணிவேர்.

இலையை மட்டும் கிள்ளிச் சமைப்பவர்கள் செடியை ஒழிக்கவில்லை. தண்டு முறிந்தால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் வெடித்து, ஒவ்வொன்றும் பூக்கும். மழை பெய்த மறுநாள் தண்டின் அடியைப் பிடித்து, மெதுவாக நேர்மேலே இழுங்கள். வேர் அறுந்தால் சிறு கரண்டியால் தோண்டியெடுக்கவேண்டும். கிளறிய மண்ணைக் காலால் அழுத்திவிடுங்கள்; இல்லாவிட்டால் புதைந்திருந்த விதைகள் முளைக்கும். அவை ஐந்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும், ஆகவே அதே இடத்துக்கு ஒவ்வொரு வசந்தமும் திரும்பிப் போகவேண்டும்.

சமையலுக்கு மிகச் சுவையானது பூ விரியுமுன் உள்ள இளந்தண்டின் நுனி, ஒரு சாண் அளவு. முதிர்ந்த இலை கசக்கும். செடியில் சிறிது சயனைட்டும் உண்டு, அதனால் பச்சையாக நிறையச் சாப்பிடவேண்டாம். பொடியாக அரிந்து, உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் விட்டு, அந்த நீரை ஊற்றிவிட்டுப் பிழியுங்கள். கசப்பும் பெரும்பாலும் போய்விடும். நான்கு பிடி இலைக்கு ஒரு வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, சிறிது மஞ்சள் போதும். வெங்காயம் வதங்கியதும் இலையைப் போட்டு மூன்று நிமிடம் பிரட்டி, தேங்காய்ப்பூ சேர்த்து, அடுப்பை அணைத்தபின் தேசிக்காய்ப்புளி விடுங்கள். உள்ளி போடத் தேவையில்லை. அடுப்பில் வைத்திருக்கும்போதே புளி விட்டால் நிறம் மங்கிவிடும்.

வீதியோரம், நாய்கள் போகும் பாதை, மருந்து அடித்த நிலம் ஆகியவற்றில் பறித்ததைச் சமைக்கவேண்டாம். றூஜ் தேசிய நகரப் பூங்காவிலும் நகரப் பூங்காக்களிலும் அனுமதியின்றிப் பறிக்க முடியாது. தோட்ட வேலைக்குப் போகும் வாடிக்கையாளர் வளவில் என்றால் முன்பு என்ன மருந்து தெளித்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

மிஞ்சிய செடியைப் பசளைக் குவியலில் போடக்கூடாது. பூத்த செடி பிடுங்கிய பிறகும் விதையை முதிர்த்துவிடும். கறுப்புப் பையில் இறுக்கிக் கட்டி, ஒரு வாரம் வெயிலில் வைத்து, குப்பையோடு அனுப்புங்கள். புல்வெட்டியின் அடித்தட்டிலும் சப்பாத்தின் அடியிலும் ஒட்டிய சேற்றில்தான் விதை வீடு மாறுகிறது. அடுத்த வளவுக்குப் புறப்படுமுன் இரண்டையும் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள்.