மண் கல்லின் மலிவு மெசினில் இல்லை

மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து, சூளையில் சுடாமல் அமத்திச் செய்வது மண் கல். அதை அடிக்கும் கை மெசின் ஒன்று கிடைத்தால் வீட்டுச் செலவு பாதியாகிவிடும் என்று கொழும்பில் பலரும் சொல்லக் கேட்கலாம். மெசின் எதையும் மலிவாக்காது. அத்திவாரம் வெட்டும்போது வரும் மண்ணே கல்லுக்கு உதவினால்தான் காசு மிஞ்சும். லொறியில் மண் ஏற்றி இறக்க வேண்டி வந்தால் பேசாமல் சீமெந்துக் கல் வாங்கிவிடலாம்.

ஹோமாகம, பாதுக்க பக்கம் கபுக் எனும் செம்புரைக் கல்லோடு சேர்ந்து கிடக்கும் சிவப்புக் கிறவல் மண் இதற்கு நல்லது. கொலன்னாவ, வெல்லம்பிட்டிய போன்ற தாழ்நிலங்களின் கறுப்புச் சேற்று மண் ஆகவே ஆகாது. அதில் மக்கிய இலைதழை அதிகம், சீமெந்து சரியாகப் பிடிக்காது. எந்த வளவானாலும் மேல் ஒரு அடி மண்ணை ஒதுக்கிவிட்டுக் கீழே உள்ளதை எடுங்கள்.

முதல் சோதனைக்கு ஒரு ஜாம் போத்தல் போதும். கால்வாசி மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். மணல் அடியில் உடனே படியும், களி மேலே கடைசியாகப் படியும். பாதிக்கு மேல் மணலும் சிறு கிறவலும் இருக்க வேண்டும். களி கூடினால் ஆற்று மணலோ கல் தூளோ கலக்கலாம். ஆனால் அதுவும் காசுதான்.

அடுத்தது பலகைப் பெட்டிச் சோதனை. சீமெந்தின் அளவை இதுதான் சொல்லும், ஆகவே தவறவிடக் கூடாது. உள்ளளவு 60 சென்டிமீற்றர் நீளம், 4 அகலம், 4 ஆழம். உட்புறம் எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை மூலை விடாமல் அமத்தி நிரப்பி, வெயிலில் 3 நாள் அல்லது நிழலில் 7 நாள் காயவிடுங்கள். பிறகு துண்டுகளை ஒரு பக்கம் தள்ளி, மறுபக்க இடைவெளியை அளக்க வேண்டும். 15 மில்லிமீற்றருக்குள் என்றால் 18 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சீமெந்து. 15 முதல் 30 வரை 16க்கு 1, 45 வரை 14க்கு 1, 60 வரை 12க்கு 1. அதற்கும் மேல் சுருங்கினால் அந்த மண்ணை விட்டுவிடுங்கள்.

மண்ணை 5 மில்லிமீற்றர் வலையில் சலித்து, சீமெந்தை உலர்வாகவே நிறம் ஒன்றாகும் வரை புரட்டி, அதன் பின் தண்ணீர் தெளிக்க வேண்டும். அளவு தெரிய ஒரு பிடியை உருட்டி நெஞ்சு உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. தூளாய்ச் சிதறினால் ஈரம் போதாது, தட்டையாகிக் கிடந்தால் அதிகம். தண்ணீர் பட்ட கலவையை அரை மணித்தியாலத்துக்குள் அடித்து முடியுங்கள். காலையில் ஒரே குவியலாகக் குழைத்து மத்தியானம் வரை அடிப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய பிழை. சீமெந்து குவியலிலேயே இறுகிவிடும், கல் பார்வைக்கு நன்றாக இருக்கும், மழையில் ஓரம் உதிரும்.

29.5க்கு 14க்கு 9 சென்டிமீற்றர் கல், 16க்கு 1, 18க்கு 1 கலவையில் 50 கிலோ சீமெந்துப் பையொன்றுக்கு ஏறக்குறைய 90 முதல் 110 வரை வரும். ஒரு சதுர மீற்றர் சுவருக்கு 33 கல். அடித்தவற்றை பொலித்தீனால் மூடி ஒரு கிழமை ஈரம் காயாமல் வைத்து, 4 கிழமை முடிந்த பின்தான் சுவருக்கு எடுக்க வேண்டும். அவசரப்படும் மேசன் பாஸ்மாருக்கு இது பிடிக்காது. நாள் முடியாத ஒரு கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்து, அவரையே நகத்தால் கீறச் சொல்லுங்கள். கூழாய் வந்தால் அவரே ஒத்துக்கொள்வார். இலங்கையில் இந்தக் கல்லுக்கு எஸ்.எல்.எஸ் 1382 என்ற தரநிர்ணயமும் உண்டு. கூலிக்கு அடிப்பிக்கிறவர்கள் அதன்படி கேட்கலாம்.

அத்திவாரம் கருங்கல்லில்தான், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை. அதன் மேல் ஈரத்தடுப்புப் படை, பிறகே மண் கல். கூரை விளிம்பு சுவரைவிட 2 அடி வெளியே நிற்கட்டும். குளியலறைச் சுவருக்குச் சீமெந்துக் கல்லே நல்லது. சாந்து கல்லைவிடப் பலமாக இருக்கக் கூடாது. இருந்தால் சுவர் அசையும்போது சாந்து வெடிக்காமல் கல் வெடிக்கும். மின் குழாய் போகும் இடத்தைக் கட்டும்போதே விட்டுவிடுங்கள். 14 சென்டிமீற்றர் சுவரைப் பிறகு உளியால் கொத்தினால் பாதித் தடிப்புப் போய்விடும்.