அம்மாவுக்கு ஒரு கதிரை

இந்தச் சிறப்பு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது பாலர் வகுப்பில் இருந்த ஒரு மரக் கதிரை.

நாங்கள் இடம் மாறி வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. முதல் நாளே அழுதழுது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ரீச்சர் அம்மாவை வாசலோடு திருப்பி அனுப்பவில்லை. ஒரு கதிரையைத் தூக்கி வந்து மூலையில் போட்டு, "இருங்கோ, உங்களைப் பார்த்துக்கொண்டே விளையாடட்டும்" என்றார். அம்மா மூன்று நாள் அதில் இருந்தார். நாலாம் நாள் அம்மா வெளியே போனபோது அவருடைய கைப்பை மட்டும் கதிரையில் இருந்தது. பை இருக்கிறது, அப்படியென்றால் அம்மா வருவார். அந்த வயதில் அது எனக்குப் போதுமாக இருந்தது.

பல வருடம் கழித்து, புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சியில் 'பெர்லின் முறை' என்று, புதிதாக வரும் பிள்ளையை முன்பள்ளிக்குப் பழக்குவது பற்றி ஒரு பாடம் வந்தது. முதல் மூன்று நாளும் தாயோ தகப்பனோ வகுப்பிலேயே இருக்க வேண்டும், நாலாம் நாள்தான் சிறிது நேரம் பிரித்துப் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. வாசித்துக்கொண்டிருக்கையில் கண் கலங்கிவிட்டது. எங்கள் ரீச்சர் இதை எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார்.

இப்போது என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். போரிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுவன் ஐந்து மாதம் வாயே திறக்கவில்லை. புது மொழிக்குள் விழுந்த பிள்ளைகள் பலர் இப்படிச் சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "சொல்லு, சொல்லு" என்று நெருக்கினால் இன்னும் ஒடுங்கிப் போவார்கள். வீட்டில் பேசுகிறானா என்று தாயிடம் கேட்டேன். "வாய் ஓயாது" என்றார். சரி, காத்திருக்கலாம். (தாய்மொழியிலும் பேசாவிட்டால், புது மொழி என்று தள்ளிப்போடாமல் உடனே வைத்தியரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.) தண்ணீர்க் கோப்பைகளைப் பரிமாறும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். பேசாமலே செய்யக்கூடிய, எல்லோருக்கும் தேவைப்படுகிற வேலை அது. ஒரு நாள் கோப்பையை நீட்டும்போது பக்கத்துப் பிள்ளையிடம் இந்த நாட்டு மொழியில் "மெதுவா" என்றான். அவனிடம் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் மூத்த மகனின் முன்பள்ளியில், வீட்டிலும் இந்த நாட்டு மொழியையே பேசுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்றார்கள். பயந்துபோய் அப்படியே செய்தோம். இன்று அம்மம்மா தொலைபேசியில் வந்தால் அவன் சிரித்துவிட்டு என்னிடம் தந்துவிடுவான். அமெரிக்காவில் லில்லி வொங் ஃபில்மோர் என்ற மொழி ஆய்வாளர் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் விசாரித்து, வீட்டு மொழி போனால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான பேச்சே அறுந்துபோவதை 1991இலேயே எழுதியிருக்கிறார். நான் அதைப் படித்தபோது மகனுக்குப் பத்து வயது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தின் 29ஆவது உறுப்புரையும், பிள்ளைக்குத் தன் பெற்றோர் மீதும் தன் மொழி மீதும் மதிப்பை வளர்ப்பது கல்வியின் நோக்கம் என்றே சொல்கிறது.

அதனால் என்னிடம் வரும் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: உங்களுக்குக் கொஞ்சவும், கண்டிக்கவும், கதை சொல்லவும் எந்த மொழி தடையில்லாமல் வருகிறதோ, அதிலேயே பேசுங்கள். மற்றதை நாங்கள் இங்கே பார்த்துக்கொள்கிறோம். பிள்ளையின் பெயரைத் தாய் சொல்லக் கேட்டு, அவர் சரியென்று தலையாட்டும்வரை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். தண்ணீர், நோகுது, அம்மா வருவா: இந்த மூன்றையாவது அவர்கள் மொழியில் எழுதி வாங்கிக்கொள்வேன். முக்கியமான பேச்சு என்றால் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும். எட்டு வயது அக்காவை நடுவில் நிறுத்தி, தாயின் தூக்கமில்லாத இரவுகளை அவள் வாயாலேயே சொல்லவைப்பது பாவம்.

என் வகுப்பின் யன்னலோரத்திலும் பெரியவர்களுக்கு ஒரு கதிரை இருக்கிறது. போன மாதம் ஒரு தாய் தன் சால்வையை அதில் போட்டுவிட்டு முதல்முறையாக வெளியே போனார். மகள் இரண்டு தரம் சால்வையைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மண் விளையாடப் போய்விட்டாள்.