திருமலையில் சுயேச்சைக் குழுவாக வேட்புமனுக் கொடுத்த அனுபவம்

2024 நவம்பர் 14 இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தில் ஒரு சுயேச்சைக் குழுவில் நானும் நின்றேன். அதுவரை இங்குள்ள நீதிமன்றங்களில் காணி வழக்குகள்தான் என் வேலை. அரசியலுக்கு வர யோசிக்கிறோம், எங்கே தொடங்குவது என்று இளம் சட்டத்தரணிகள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்கள் வேண்டும். மாவட்டத்துக்கு 4 ஆசனம், அதோடு 3 பேர் கூட, ஆக பட்டியலில் 7 பேர். ஆறும் கூடாது, எட்டும் கூடாது. கட்சியென்றால் இது தலைமை பார்க்கிற வேலை, சுயேச்சையென்றால் நாமே வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும், ஒருவர் சம்மதித்த பிறகு அவருடைய வீட்டாரும் சம்மதிக்க வேண்டும்.

கட்டுப்பணம், அதாவது வைப்புத்தொகை, ஆளுக்கு 2,000 ரூபாய்தான். பெரிய தொகை இல்லை, ஆனால் மனு கையளிக்கும் கடைசி நாளுக்கு முந்தைய நாள் நண்பகலோடு அதைக் கட்டும் நேரம் முடிந்துவிடும், இது பலருக்குத் தெரியாது. வேட்பாளர் எல்லோரும் சம்மதக் கையெழுத்து இட வேண்டும், குழுத் தலைவரின் கையெழுத்தை சமாதான நீதவானோ நொத்தாரிசோ உறுதிப்படுத்த வேண்டும். சொத்து விபரமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இவற்றில் ஒரு அடிப்படைக் குறை இருந்தால் ஒருவருடைய பெயர் மட்டும் போகாது, முழுப் பட்டியலும் போய்விடும். சட்டத்தரணி ஒருவர் குழுவுக்கு உண்மையிலேயே உதவுவது இந்த இடத்தில்தான். வழக்கேடு பார்ப்பதுபோல ஒவ்வொரு தாளையும் பார்த்தேன்.

கடைசி நாள் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம். பகல் 12 மணிக்கு மனு ஏற்பது முடிந்தது, அதன்பின் 1.30 வரை ஆட்சேபனை நேரம். அந்த ஒன்றரை மணித்தியாலம் மற்றக் குழுக்களின் ஆட்கள் எங்கள் தாள்களைப் பார்க்க, நாங்கள் அவர்களுடையதைப் பார்க்க, யாரும் சரியாகப் பேசவில்லை. தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலர் எங்கள் குழுவை ஏற்றதாகச் சொன்னதும் பக்கத்தில் நின்ற அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் பிரசாரம். மூதூர்ப் பக்கம் ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, பெர்மிட் இருக்கு, அப்பா காலத்தில இருந்து பயிர் செஞ்ச காணி. இப்ப வனம் எண்டு கல்லு நட்டிட்டாங்கள். நீங்க பாராளுமன்றம் போனா என்ன செய்வீங்க?" நீதிமன்றத்தில் என்றால் அவருக்கு ஒரு வழக்குப் போடுவேன், வெல்லவும் கூடும், வென்றால் அவருடைய காணி மட்டும் வரும். பக்கத்துக் காணிக்காரர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அந்தக் கல்லுக்குப் பின்னால் இருப்பது அமைச்சரின் கையெழுத்தோடு வரும் ஒரு வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவித்தல், ஒரே அறிவித்தலில் ஊரின் வயல் முழுவதும் அதற்குள் போய்விடும். அதை எழுப்பவும் மாற்றச் சொல்லவும் வேண்டிய இடம் சபை. குச்சவெளியிலும் இதே கேள்வி வந்தது. நான் ஏன் நின்றேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் அந்த அம்மாவின் கேள்விதான்.

இந்த மாவட்டத்தில் சட்டத்தரணி சபைக்குப் போவது புதிதல்ல. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த இரா. சம்பந்தன் ஐயா சட்டத்தரணியாக இருந்துதான் 1977இல் முதன்முதலில் வென்றார். 1983இல் ஆசனம் போனது, 1997இல் திரும்ப வந்தார், 2000இல் தோற்றார், 2001இல் மறுபடி வென்று 2024 ஜூனில் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தார். அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு, ஆனால் வெளியே இருந்த அந்த நீண்ட ஆண்டுகளிலும் விடாமல் நின்றதை மிகவும் மதிக்கிறேன்.

நாங்கள் தோற்றோம். மாவட்டத்தில் 5 வீதம் எடுக்காத குழுவுக்கு ஆசனக் கணக்கிலேயே இடமில்லை. தோற்றாலும் முடிவு வெளிவந்து 21 நாட்களுக்குள் தேர்தல் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும், 2023ஆம் ஆண்டின் சட்டம் அது. நோட்டீஸ் அச்சடித்த பற்றுச்சீட்டு, வான் வாடகை எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரில் கலைந்தது. அடுத்து அந்தச் சபைக்கான தேர்தல் எப்போது வந்தாலும் நிற்பதாக இருக்கிறோம். கந்தளாய், சேருவிலப் பக்கம் சிங்களத்தில் பேசக்கூடிய ஆட்கள் இன்னும் தேவை, தெரிந்தால் சொல்லுங்கள்.