எலி இதயத்திலிருந்து இழைமணி பிரித்தெடுத்தல்: கொழும்பு வெக்கையில் கவனிக்க வேண்டியவை

மாரடைப்பில் இரத்தம் நின்றதும் இதயத்தசைக் கலத்தில் ஒட்சிசன் தீர்கிறது, கல்சியம் ஏறுகிறது. இரத்தம் திரும்பப் பாயும்போது கலத்துக்குச் சக்தி ஆக்கும் இழைமணியின் (மைற்றோகொண்டிரியாவின்) உள்மென்சவ்வில் துளை திறந்து, அது வீங்கிக் கெடுகிறது. சிக்கல் என்னவென்றால், இதே சேதம் ஆய்வுகூட மேசையிலும் நடக்கும். எடுத்த இதயத்தை ஐஸில் போடச் சுணங்கினாலே தொடங்கிவிடும். பிறகு வருகிற பெறுபேறு நோயினுடையதா, நம் கையினுடையதா என்று பிரிக்க ஏலாது.

நாங்கள் பாவிக்கும் கரைசல்: சுக்குரோசு 250 மில்லிமோலர், பிஎச்சை நிலையாக வைக்கும் டிரிஸ் 10, கல்சியத்தைப் பிடித்துவைக்க ஈஜிடிஏ 1, பிஎச் 7.4. கொழும்பில் பலர் சறுக்குவது இந்தப் பிஎச்சில்தான். டிரிஸின் பிஎச் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.03 மாறும், 30 பாகை மேசையில் 7.4 வைத்த கரைசல் 4 பாகையில் 8ஐத் தாண்டிவிடும். ஐஸில் வைத்தே சரிசெய்யுங்கள். கொழுப்பமிலம் நீக்கிய அல்புமின் கொஞ்சம் சேர்ப்பது அவசியம், இல்லாவிட்டால் கட்டற்ற கொழுப்பமிலங்கள் சுவாசத்தை ஏ.ரீ.பீ. (கலத்தின் சக்தி மூலக்கூறு) உற்பத்தியிலிருந்து கழற்றிவிடும். கடைசிக் கழுவலில் மட்டும் அல்புமின் வேண்டாம், புரத அளவீட்டைக் குழப்பும்.

ஓர் எலி இதயம் சுமார் 1 கிராம். இரத்தம் போகக் கழுவி, பொடியாக நறுக்கி, 10 மில்லிலீற்றர் கரைசலில் கண்ணாடி–டெஃப்லான் அரைப்பானால் மெதுவாக அரையுங்கள். நுரை வந்தால் வேகம் கூடிவிட்டது. பிறகு மையநீக்கியில் 700 ஜி (புவியீர்ப்பின் 700 மடங்கு விசை), 10 நிமிடம். அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல்நீரை 8000 ஜியில் 10 நிமிடம். நிமிடச் சுழற்சி எண்ணை இன்னோர் ஆய்வுகூடத்தாரிடம் கேட்டு எழுதிக்கொள்வதில் பலனில்லை, ரோட்டரின் (மையநீக்கியில் குழாய்களைச் சுழற்றும் பாகம்) ஆரை மாறினால் விசையும் மாறும். ரோட்டரை முதல் நாளே குளிரில் வையுங்கள்.

படிவில் மண்ணிறப் பகுதிதான் வேண்டியது. மேலே வெளிறிப் பஞ்சுபோல் நிற்பது உடைந்த இழைமணி, மெல்ல அலசி ஊற்றிவிடலாம். நடுவில் சிவப்புப் பொட்டு தெரிந்தால் இரத்தம் சரியாகக் கழுவப்படவில்லை.

ஒட்சிசன் மின்வாயில் எரிபொருளாகக் குளுட்டமேட், மலேட் கொடுத்து, ஏ.ரீ.பீ. ஆக மாறும் ஏ.டீ.பீ. சேர்த்தால் சுவாசம் பாய்ந்து ஏறி, ஏ.டீ.பீ. தீர்ந்ததும் இறங்கும். ஏறிய வேகத்துக்கும் இறங்கிய வேகத்துக்கும் உள்ள விகிதம் 5க்குக் கீழென்றால் நாங்கள் அந்தத் தொகுதியை எறிந்துவிடுவோம். பாயவே இல்லையென்றால் இழைமணியைத் திட்டுமுன் ஊடகத்தில் பொசுபேற்று இருக்கிறதா பாருங்கள். சைற்றோகுரோம் சி 10 மைக்ரோமோலர் சேர்த்ததும் சுவாசம் பத்து வீதத்துக்கு மேல் கூடினால் வெளிமென்சவ்வு கிழிந்திருக்கிறது.

துளை திறப்பதைப் பார்க்க, 540 நானோமீற்றரில் கல்சியம் சேர்த்து இழைமணி வீங்க ஒளி உறிஞ்சல் இறங்குவதை அளக்கிறோம். இதற்குக் கடைசிக் கரைசலில் ஈஜிடிஏ இருக்கவே கூடாது. இருந்தால் சேர்க்கிற கல்சியத்தை அது விழுங்கிவிடும், நோயுற்ற இதயமும் திடமானதாகத் தெரியும். துளை திறப்பதைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் 1 மைக்ரோமோலர் போட்ட குழாயில் வீக்கம் தாமதித்தால்தான் அது துளையால் வந்தது.

மிச்சத்தை −80இல் வைக்கலாம், ஆனால் நொதிய அளவீட்டுக்கு மட்டும். உறைந்து உருகிய இழைமணி, ஏ.ரீ.பீ. உற்பத்தியோடு இணைந்த சுவாசம் காட்டாது.